முன்சக்கரச் சத்தம்: போடியில் ஒரு ஜீப் பட்டறை

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இடுக்கி மாவட்டத்துக்குள் நுழைகின்றன. தார்ச்சாலை முடிந்து தோட்டத்துப் பாதை தொடங்கினால் கல்லும் சேறும்தான். நாலு சக்கரமும் இழுக்கும் பழைய மஹிந்திரா ஜீப்புக்கு இன்றும் அங்கே மதிப்பு குறையவில்லை. அந்த ஜீப்புகளைச் சாகாமல் வைத்திருக்கும் பட்டறைகளைப் பற்றி எழுதத்தான் போடிக்குப் போயிருந்தேன்.

நான் உட்கார்ந்திருந்த பட்டறைக்கு ஒரு ஜீப் வந்தது. முன்பக்கம் இடது சக்கரத்தில் ‘டக் டக்’ என்று சத்தம். வேகம் கூடினால் சத்தமும் நெருக்கமாகிறது. வேறொரு பட்டறையில் வீல் பேரிங் இரண்டையும் மாற்றிவிட்டார்கள். காசு போனது, சத்தம் போகவில்லை.

மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார்.

“நேரா போகையில வருதா, ஒடிக்கையில வருதா?”

“ரெண்டுலயும் வருதுண்ணே.”

“பிரேக்க லேசாத் தொட்டா?”

“அப்பவும் அப்படியேதாண்ணே இருக்கு.”

“சரி, எடு. ஒரு நடை போயிட்டு வருவோம்.”

நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். ஆளில்லாத சாலையில் முதலில் நேராக ஓட்டச் சொன்னார். பிறகு வண்டியை மெதுவாக வலப்பக்கம் வளைக்கச் சொன்னார். வலப்பக்கம் வளைத்தால் வண்டியின் பாரம் இடது சக்கரத்தில் சாயும். இடது பேரிங் கெட்டிருந்தால் அதன் இரைச்சல் கூட வேண்டும். கூடவில்லை. பிரேக்கைத் தொட்டும் மாற்றமில்லை. பிரேக்கைப் பட்டியலிலிருந்து எடுத்தார். கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டபோதும் அதே சத்தம். இன்ஜினும் கழிந்தது. தாரிலிருந்து மண்ணில் இறங்கியும் சத்தம் மாறாததால் டயர் மீதான சந்தேகமும் நீங்கியது. கேட்டுக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு சோதனையும் ஒரு பாகத்தைக் கழித்துக்கொண்டே போனது. எதையும் கழற்றாமலே பாதி வண்டியைச் சோதித்து முடித்துவிட்டார்.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தத் தொழிலின் நுட்பம். அந்த ஜீப்பின் முன்சக்கரங்களில் ஃப்ரீவீல் ஹப் பூட்டியிருந்தது. சக்கரத்தின் நடுவில் கையால் திருகும் ஒரு குமிழ். ‘லாக்’ பக்கம் திருப்பினால் சக்கரமும் உள்ளே இருக்கும் ஆக்சிலும் ஒன்றாகப் பிணைந்து சுற்றும். ‘ஃப்ரீ’ பக்கம் திருப்பினால் சக்கரம் மட்டும் சுற்றும். ஆக்சில், இழுவையை இரு பக்கமும் பிரித்துக் கொடுக்கும் கிரௌன், முன்பக்க ஷாஃப்ட் எல்லாம் அசையாமல் நிற்கும். தார்ச்சாலையில் முன்பக்கம் வீணாகச் சுழன்று தேயாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. சத்தம் தேடுகிறவருக்கோ இது இன்னொரு வகையில் கைகொடுக்கிறது. ஃப்ரீயில் வைத்தும் சத்தம் வந்தால் சக்கரத்தோடு சுற்றுபவற்றில்தான் கோளாறு. லாக்கில் மட்டும் வந்தால் ஆக்சில் மூட்டிலிருக்கும் கிராஸையோ கிரௌனையோ பார்க்க வேண்டும்.

அதுவரை ஃப்ரீயில் இருந்த இரண்டு ஹப்பையும் இறங்கி லாக் செய்தார். ஓட்டிப் பார்த்தோம். சத்தம் அடியோடு நின்றுவிட்டது.

எனக்கு இது புரியவில்லை. கூடுதலான பாகங்கள் சுழலும்போது சத்தம் கூடத்தானே வேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்னது: “பேரிங்கா இருந்தா லாக்குலயும் கத்தும் சார். டயரும் அப்படித்தான். ஃப்ரீயில மட்டும் கத்துதுன்னா, ஃப்ரீன்னு முள்ளு காட்டுது, உள்ள ஃப்ரீ ஆகலன்னு அர்த்தம்.”

பட்டறைக்குத் திரும்பி ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். முதலில் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். லேசான ஆட்டம் இருந்தது. உதவிக்கு நின்ற பையனைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். ஆட்டம் நின்றது. மிதித்த பிறகும் ஆடினால் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின், நின்றுபோனால் பேரிங் தளர்வு என்று எனக்காகச் சொன்னார். முந்தைய பட்டறையில் பேரிங்கைப் போட்டவர்கள் நட்டைச் சரியாக வைக்கவில்லை. நட்டை அதிகம் இறுக்கினால் பேரிங் சூடேறிக் கருகும். தளர்த்திவிட்டால் சக்கரம் தள்ளாடும். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு கொஞ்சம் பின்வாங்கி, வாஷரின் காதை மடித்துப் பூட்ட வேண்டும். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பது கைக்குத்தான் தெரியும்.

ஹப்பின் மூடியைக் கழற்றியதும் எல்லாம் விளங்கியது. உள்ளே பல்வெட்டிய வளையம் ஒன்று முன்னும் பின்னும் நகர வேண்டும். ஃப்ரீயில் வைத்தால் அது முழுதாக விலகிவிட வேண்டும். இங்கே கிரீஸ், பானையில் கிடந்த பழம்புளி போலக் கறுத்து இறுகியிருந்தது. வளையம் முக்கால்வாசிதான் விலகியிருந்தது. எதிரே இருந்த பற்களின் நுனியை அது ஒவ்வொரு சுற்றிலும் உரசிச் சென்றிருக்கிறது. அண்ணன் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பற்களின் உடல் மங்கிக் கிடக்க, நுனிகள் மட்டும் தீட்டியது போல் பளபளத்தன. மூடியின் ரப்பர் வளையம் பிளந்து, ஓடை கடந்தபோதெல்லாம் நீர் உள்ளே போயிருக்கிறது. போதாததற்கு யாரோ வீல் பேரிங் கிரீஸை ஹப்புக்குள் திணித்திருக்கிறார்கள். மெல்லிய பூச்சே போதுமான இடம் அது.

டீசலில் கழுவி, துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவி, புது ரப்பர் போட்டு மூடினார். பேரிங் நட்டையும் சரிசெய்தார். மறுபடி ஓட்டினோம். சத்தம் இல்லை.

இது வெறும் சத்தப் பிரச்சினை அல்ல. பல் நுனி தேய்ந்துகொண்டே போனால் ஒருநாள் சேற்றில் ஃபோர் வீல் போடும்போது வளையம் வழுக்கிவிடும். ஒரு பக்க ஹப் பிடிக்கவில்லையென்றால் கிரௌன் இழுவையை அந்தப் பக்கமே ஓடவிடும். நன்றாக இருக்கும் மறுபக்கச் சக்கரமும் இழுக்காது. பேரிங் தளர்வோ அதைவிட மோசம். ஆட்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்கும் வண்டி அது.

கணக்கு பேசும்போதுதான் மனம் கசந்தது. “பார்ட்ஸ் ஒண்ணும் மாத்தலையேண்ணே, ரப்பர்தானே” என்றார் ஓட்டுநர். அவரைக் குறை சொல்ல முடியாது. ஏற்கெனவே தேவையில்லாத பேரிங்குக்குக் காசு கொடுத்தவர். அண்ணன் சிறு தொகை வாங்கிக்கொண்டு அனுப்பினார். பேரிங் பெட்டியைக் காட்டினால் கேட்ட பணம் வருகிறது. கோளாறைச் சரியாகக் கண்டுபிடித்ததற்கு வருவதில்லை. இந்தப் பழக்கம்தான் பல பட்டறைகளைக் ‘கழற்று, மாற்று, பார்’ என்ற வழிக்குத் தள்ளுகிறது. தேடிக் கண்டுபிடிக்கும் திறமைக்குக் கூலி இல்லாத இடத்தில் அதைக் கற்றுக்கொள்ள எந்தப் பையன் நிற்பான்?

உங்கள் வண்டியின் முன்சக்கரம் சத்தம் போட்டால், மெக்கானிக்கிடம் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று நீங்களே சொல்லாதீர்கள். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நடை ஓட்டிப் பார்க்க அவருக்கு நேரம் கொடுங்கள். அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.