புள்ளி எழுதிய பெண்

நோட்டன் பிரிட்ஜில் இறகுப்பந்து ஆட விரும்புகிறவன் முதலில் காற்றிடம் உத்தரவு பெற வேண்டும். கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அணைப்பக்கத்திலிருந்து எழும்பி வரும் காற்று, ஐந்து கிராம் எடைகூட நிச்சயமில்லாத அந்தப் பந்தை எந்தத் தேயிலைச் செடிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று யாராலும் கூற இயலாது. ஆயினும், 1990களின் முற்பகுதியில், தோட்டப் பாடசாலையொன்றில் உபாத்தியாயராக இருந்த நான், இரண்டு மூங்கில்களை நட்டு வலை கட்டி, மாணவிகளுக்கு அந்த ஆட்டத்தைப் பழக்கி வந்தேன். பறவை இறகால் ஆன பந்து எங்கள் வசதிக்கு மிஞ்சிய பொருள், நைலோன் பந்துதான்.

அம்மாணவிகளுள் ஒருத்தியின் இடக்கை, குழந்தைப் பருவத்தில் லயத்து அடுப்பில் வெந்துபோனது. கட்டைவிரல் ஒன்றைத் தவிர ஏனைய விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. செடிகளுக்குள் விழும் பந்தை எல்லோருக்கும் முன்பாக ஓடி எடுத்து வருபவள் அவளே. ஒரு நாள் மெல்லக் கேட்டாள்:

"நானும் ஆடட்டா சேர்?"

"சர்வீஸ் போட இரண்டு கையும் வேணுமே, அம்மா" என்றேன்.

நான் கூறியதில் கணக்கு இருந்தது. அக்காலத்தில் பெண்கள் ஒற்றையர் ஆட்டத்துக்குப் பதினொரு புள்ளிகள். அதுவும் சர்வீஸ் போடுகிறவர் வென்றால் மாத்திரமே புள்ளி. எவர் வென்றாலும் புள்ளி என்ற 21 புள்ளி முறை 2006இல்தான் வந்தது. ஆகவே அவள் கையில் ஒரு கொப்பியையும் பென்சிலையும் கொடுத்துப் புள்ளி எழுத உட்கார வைத்தேன். நான்கு வருஷம் எழுதினாள். அதைக் கருணை என்றே நான் எண்ணியிருந்தேன்.

2024 செப்டெம்பர் 2ஆம் தேதி இரவு, என் பேரன் தன் கைப்பேசியைக் கொண்டுவந்து என் முன்னே நீட்டினான். பாரிஸ் நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான பராலிம்பிக் விழா. மேற்கையில் குறையுள்ளவர்கள் நின்று ஆடும் பிரிவில் பெண்கள் ஒற்றையர் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் சீனத்து யாங் சியூஷியா. மறுபக்கம் காஞ்சீபுரத்துச் செல்வி துளசிமதி முருகேசன்.

துளசிமதி பிறவியிலேயே இடக்கையில் குறையுடையவர். பின்னர் நேர்ந்த விபத்தொன்று அக்கையை மேலும் முடக்கிவிட்டது. தந்தையார் தினக்கூலித் தொழிலாளி. விளையாட்டில் தீராத மோகம் கொண்ட அம்மனிதரே மகளின் கையில் மட்டையைக் கொடுத்தவர். 'உன்னால் முடியாது' என்று கூறப் படித்த உபாத்தியாயர் ஒருவர் அவ்வீட்டில் இல்லாதது நல்லதாயிற்று! நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் பயின்றுகொண்டே உலகப் போட்டிகளுக்குச் சென்று வந்தார். ஹாங்சோ நகரில் 2023இல் நடந்த ஆசிய விழாவில், இதே யாங்கை 21-19, 21-19 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றார். யாங் சாமானியர் அல்லர். டோக்கியோவில் முதல்முறையாக இவ்வாட்டம் பராலிம்பிக்கில் சேர்க்கப்பட்டபோது தங்கம் வென்றவர்.

பாரிஸ் அரையிறுதியில் துளசிமதியை எதிர்த்து நின்றவரும் ஒரு தமிழ்ப் பெண்ணே. திருவள்ளூர் செல்வி மனிஷா ராமதாஸ், பிறப்பின்போது வலக்கையில் ஏற்பட்ட பாதிப்பினால் இடக்கையால் ஆடுகிறவர். 2022இல் உலக சாம்பியன். முதல் செட் 23-21 வரை இழுபட்டது. இரண்டாவதை 21-17 என்று துளசிமதி முடித்தார். மனிஷா பிறகு வெண்கலம் வென்றார். ஒசூர் நித்யஸ்ரீ சிவன் குள்ள உருவினர் பிரிவில் பெற்ற வெண்கலத்தையும் சேர்த்தால், தமிழ்நாட்டுப் பெண்கள் மூவர் பதக்கத்துடன் ஊர் திரும்பினார்கள்.

பட்மின்டன் ஆடாதவர்கள் ஒன்றை அறியமாட்டார்கள். மட்டை பிடியாத கைக்கு சர்வீஸோடு வேலை தீர்வதில்லை. தலைக்கு மேல் வரும் பந்தை அடிக்கும்போது உடம்பின் நிறையைச் சரிக்கட்டுவது அந்தக் கைதான். அது ஒத்துழையாவிட்டால், கால்கள் இரு மடங்கு உழைத்தாக வேண்டும். துளசிமதியின் கால்கள் உழைத்ததை அன்றிரவு கண்டேன். சர்வீஸ் போட அவர் பந்தை எவ்விதம் பிடித்தார் என்று நான் கவனிப்பதற்குள் அது வலையைத் தாண்டிவிட்டது.

ஆட்டத்தில் யாங்கே வென்றார், 21-17, 21-10. துளசிமதிக்கு வெள்ளி. பேரன் வருத்தப்பட்டான். எனக்கு வேறு துக்கம், உறக்கம் வரவில்லை.

தீபாவளிக்கு முந்திய வாரம், நோட்டன் பிரிட்ஜ் பஸ் தரிப்பிடத்தில் அவளைக் கண்டேன். ஏறக்குறைய இருபத்தேழு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறாள். மட்டைக்கு ஆகாதென்று நான் தள்ளிய அதே கையோடு, மடுவத்தில் ஒரு நாளும் நிறை குறைந்து அரைப்பேர் வாங்கியதில்லையாம். தேநீர்க் கடை வாங்கில் அவளை உட்காரச் சொல்லி, பேரனின் கைப்பேசியில் அந்த ஆட்டத்தை ஓடவிட்டேன். வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பின்கோட்டருகே ஒரு பந்து விழுந்தது. நடுவர் கை நீட்டுமுன் "வெளியே" என்றாள். சரியாகவே இருந்தது.

"அன்று உன்னை ஆட விட்டிருக்க வேண்டும். நான் செய்தது பிழை" என்றேன்.

"ஆடினேனே சேர். நீங்க வீட்டுக்குப் போன பிறகு, அந்தியில. காத்தும் அப்பத்தான் அடங்கும்."

"சர்வீஸ்?"

அவள் சிரித்துக்கொண்டு இடக்கையை உயர்த்தி, கட்டைவிரலுக்கும் ஒட்டிய விரல்களுக்கும் நடுவே இருந்த இடுக்கைக் காட்டினாள்.

"இதுல பந்து நல்லா நிக்கும் சேர்."