வாயுப் பிடிப்பு

டாக்டர் படிப்பைப் பற்றி நம்மவர்களுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். நிறைய மார்க்கு வேண்டும். நிறைய வருஷம் ஆகும். அந்த வருஷங்களில் பிள்ளை என்ன படிக்கிறான் என்று கேட்டால் பெற்றவர்களே விட்டத்தைப் பார்ப்பார்கள்.

திருவண்ணாமலையில் 2013-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு டீக்கடையில் நிற்கும் பிள்ளைகள் ஊருக்குப் பழகிப் போனார்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தியும் அங்கே சேர்ந்தாள். நான் அவளைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதல் வருஷம் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். யாரோ ஒரு புண்ணியவான் தானம் செய்த உடலின் முன்னால் நின்று, மரியாதை குறையாமல் நடந்துகொள்வோம் என்று உறுதிமொழி எடுத்த பிறகுதான் கத்தியைத் தொடுகிறார்கள். மனிதனுக்கு எலும்பு 206. மணிக்கட்டில் மட்டும் எட்டு. ஒன்றைக் கையில் கொடுத்தால் அது வலப்பக்கத்ததா, இடப்பக்கத்ததா என்று சொல்ல வேண்டும். இந்தப் பெண் எலும்புப் பெட்டியை வீட்டுக்கு எடுத்து வந்தபோது, அவள் பாட்டி அதைத் திண்ணையைத் தாண்ட விடவில்லை. படிப்பு முழுவதும் திண்ணையிலேயே நடந்தது. ராத்திரி பதினோரு மணிக்குத் தொடை எலும்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தெருவில் போகிறவர்கள் சற்று வேகமாக நடப்பார்கள்.

அடுத்து நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல். நோயியலில் 'சார்கோமா' என்று ஒரு புற்றுக்கட்டி வருகிறது. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அது புஸ்தகத்துச் சொல். இந்த ஊரில் அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. ரமண மகரிஷியின் இடது கையில் வந்தது அதுதான். 1949-ல் நான்கு தடவை அறுத்தார்கள். ரேடியமும் வைத்துப் பார்த்தார்கள். கட்டி திரும்பத் திரும்ப வளர்ந்தது. 1950 ஏப்ரல் 14-ந் தேதி அவர் காலமானார். அறுத்த இடத்திலேயே மீண்டும் முளைப்பது அந்தக் கட்டியின் சுபாவம் என்று அவள் பாடத்தைச் சொன்னபோது, பாட்டி கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

பிறகு கண், காது மூக்குத் தொண்டை, சட்ட மருத்துவம், சமூக மருத்துவம். கடைசியில் பொது மருத்துவம், அறுவை, பிரசவம், குழந்தை வைத்தியம். எல்லாம் சேர்ந்து நாலரை வருஷம்; அப்புறம் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். ஜாபிதா இவ்வளவுதான். எனக்கு ருசியாக இருந்தது இதில் சேராத ஒரு பாடம்.

வார்டுக்குப் போனால் நோயாளியின் குறையை அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்ல விதி. ஆனால் எழுதுவது இங்கிலீஷில்! குடைச்சல், குத்தல், கடுப்பு, இசிவு, சுரீரென்று இழுப்பது — எங்கள் பக்கத்துக் கிழவிக்கு இவை வெவ்வேறு வியாதி. நோட்டில் பெரும்பாலும் எல்லாம் 'பெயின்' ஆகிவிடுகிறது.

செங்கம் பக்கத்து விவசாயி ஒருவர் வந்திருந்தார். "ஒண்ணுமில்லம்மா, வாயுப் பிடிப்பு. ஓமம் தின்னேன், சோடா குடிச்சேன், கேக்கல" என்றார். வாயு என்றால் அஜீரணம் என்று எழுதி முடித்திருக்கலாம். இவள் விடவில்லை.

"எங்கே பிடிக்குது பெரியப்பா? காட்டுங்க."

அவர் விரலால் காட்டவில்லை. உள்ளங்கையை மூடி முஷ்டியாக நெஞ்சில் வைத்தார். வேர்த்ததா என்றாள். சட்டை பிழியற மாதிரி நனைஞ்சுது என்றார். ஓடிப் போய்ப் பெரிய டாக்டரை அழைத்து வந்தாள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், மாரடைப்பு. மனிதர் பிழைத்துக்கொண்டார். அந்த முஷ்டிக்கு டாக்டர் லெவின் பேரில் ஓர் அடையாளமே இருக்கிறதாம், புஸ்தகத்தில். வாயு என்ற சொல்தான் அதில் இல்லை.

தமிழில் வைத்தியம் கற்பிப்பது நடக்காத காரியமல்ல. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்கப் பாதிரி வைத்தியர், நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே மாணவர்களுக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்தார். புஸ்தகங்களையும் தமிழில் அச்சிட்டார். நான் இங்கிலீஷை விரட்டச் சொல்லவில்லை. உலகத்து வைத்தியமெல்லாம் அதில் இருக்கிறது. நோயாளியின் நாக்கில் இருப்பதையும் படிப்பாக மதிக்க வேண்டும் என்கிறேன். 2019-ல் வந்த புதுப் பாடத்திட்டம் கொஞ்சம் மதிக்கிறது. நோயாளியிடம் பேசுவதும் அதில் ஒரு பாடம். ஆரம்பப் பயிற்சியில் உள்ளூர் பாஷைக்கும் இடமுண்டு.

அரசுக் கல்லூரிகளில் நூற்றுக்குப் பதினைந்து இடம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. அப்படி ராஜஸ்தானத்திலிருந்து வந்த பையன் ஒருவன் இவளோடு படிக்கிறான். இடுப்பு வலிக்கிறது என்பது வேறு, இடுப்பு வலி எடுத்துவிட்டது என்பது வேறு. இரண்டாவதைக் கேட்டால் பிரசவ வார்டுக்கு ஓட வேண்டும் என்று இவள்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாளாம். போன மாசம் அவன் திண்ணைக்கு வந்தான். பாட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்து, "பாட்டி, வலியா, குடைச்சலா?" என்றான்.

"குடைச்சல்தாண்டா கண்ணு" என்று பாட்டி மறுபடியும் உட்கார்ந்து, எப்போது ஆரம்பித்தது என்பதிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.