வளையல் தப்பிய கணக்கு

திருத்தணி மலையை செல்போனில் படம் எடுத்திருக்கிறீர்களா? நேரில் அண்ணாந்து பார்க்க வைக்கிற மலை அது. ஆனால் கேமராவில் 0.5 என்று வைத்து எடுத்தால் ரோடு, பஸ், பூக்கடை எல்லாம் படத்துக்குள் வந்துவிடும். மலை மட்டும் புற்று சைஸுக்குச் சுருங்கிவிடும். நிறையத் தெரிய வேண்டுமென்றால் எல்லாமே சின்னதாகத்தான் தெரியும். இந்தச் சாதாரண சமாசாரம், போன மாதம் அம்மையார்குப்பத்தில் என் அக்காவின் வளையலைக் காப்பாற்றியது.

அக்கா வீட்டில் முன்கட்டில் தறிகள். பின்கட்டில் அவள் பையனின் உலகம். மேஜையில் ஸ்டியரிங், கீழே பெடல், செகண்ட் ஹேண்டில் வாங்கிய 34 இன்ச் அகல மானிட்டர். 2014-ல் இத்தாலிக்காரர்கள் வெளியிட்ட அசெட்டோ கோர்ஸா என்கிற கார் பந்தய கேம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு நாளாவது நிஜ காரை ஓட்ட வேண்டும் என்பது பையனின் கனவு. 1990-லிருந்து நம் பக்கத்திலேயே இருக்கிற டிராக். 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயனும் கோயம்புத்தூர்க்காரர்தானே, நாம் ஏன் ஆசைப்படக் கூடாது?

"மாமா, எனக்கு எப்பவும் பிரேக் லேட் ஆயிடுது. வளைவுல நேரா போய் மண்ணுல விழறேன். பக்கத்துல வர்ற காரும் தெரியல. 49 இன்ச் மானிட்டர் வாங்கினா சரியாயிடும்" என்றான்.

49 இன்ச் என்றால் லட்ச ரூபாயை ஒட்டி வரும். அக்காவின் வளையல் அடகுக் கடைக்குக் கிளம்பத் தயாராக இருந்தது.

தறிக்குப் பக்கத்தில் தொங்கிய டேப்பை எடுத்து வந்தேன். திரையின் அகலம் 80 சென்டிமீட்டர். வளைந்த திரையாக இருந்தால் வளைவோடு அளக்கக் கூடாது, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக அளக்க வேண்டும். பையனின் கண்ணிலிருந்து திரைக்கு 75.

திரையை ஒரு ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் எவ்வளவு அகலம், நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள், இந்த இரண்டும்தான் வெளியே எவ்வளவு தெரியும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அகலத்தில் பாதியைத் தூரத்தால் வகுத்து, செல்போன் கால்குலேட்டரில் டான் இன்வர்ஸ் தட்டி, வந்ததை இரண்டால் பெருக்கினால் கோணம் கிடைத்துவிடும். பையனின் ஜன்னலுக்கு 56 டிகிரி. அவனோ யாரோ நண்பன் சொன்ன எண்ணைப் போட்டு, 108 டிகிரி உலகத்தை அதற்குள் அடைத்து வைத்திருந்தான். செல்போனின் 0.5 கதைதான். 100 மீட்டரில் இருக்கிற வளைவு 250 மீட்டருக்கு அப்பால் இருப்பது போலத் தெரிந்தால், பிரேக் லேட்டாகாமல் என்ன செய்யும்?

பழகிவிட்டால் அப்படியும் ஓட்டலாம், ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் அந்தப் பழக்கத்தோடு இருங்காட்டுக்கோட்டைக்குப் போனால், அங்கே 100 மீட்டர் 100 மீட்டராகத்தான் இருக்கும்.

இந்த கேமில் கேட்பது உயர வாட்டுக் கோணம். சில கேம்களில் அகல வாட்டில் கேட்பார்கள். அதனால் அடுத்தவர் எண்ணைக் காப்பியடிப்பதில் அர்த்தமில்லை. திரையின் உயரம் சுமார் 33 சென்டிமீட்டர். அதே கணக்கைப் போட்டால் 25 டிகிரி. அவன் வைத்திருந்தது 60. மாற்றினோம்.

"என்ன மாமா, ஸ்பீடே இல்ல!" என்று முகம் சுளித்தான். ஓரங்களில் இழுபட்டு ஓடிய மரங்கள் காணாமல் போனதும் வேகமும் போன மாதிரி இருக்கும். பத்து ரவுண்டு ஓட்டச் சொன்னேன். எட்டாவது ரவுண்டில் மண்ணில் விழுவது நின்றது.

"ஆனா பக்கத்து கார் இன்னும் தெரியலயே. அதுக்குத்தான் 49..."

அங்கேதான் விஷயம். 27, 34, 49 இன்ச் மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம்தான். அகலம்தான் 60, 80, 120 என்று வளர்கிறது. 120 சென்டிமீட்டர் திரையை 75-ல் வைத்தால் 77 டிகிரி. 80 சென்டிமீட்டர் திரையை 50-ல் வைத்தாலும் அதே 77 டிகிரி! கிட்டே வைத்தால் போதும். லட்ச ரூபாய் வேண்டாம். உயர வாட்டு எண்ணை 37 ஆக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அப்போதும் பக்கத்து கார் முழுசாகத் தெரியாது. பார்வையைத் திருப்ப ஒரு பட்டன் இருக்கிறது, அதைப் பழகிக்கொள்ள வேண்டும். நிஜ காரிலும் கழுத்தைத் திருப்பித்தானே ஆக வேண்டும்?

ஸ்டியரிங் குறுக்கே நிற்கிறதே, எப்படிக் கிட்டே கொண்டு வருவது? இதுவரை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா வீட்டுக்காரர் உள்ளே வந்தார். குழித்தறியில் நெய்து வளர்ந்தவர்.

"தறியில துணி கைக்கிட்ட இருக்கணும் மச்சான். தள்ளி உக்காந்துக்கிட்டு பெரிய துணி கேட்டா?" என்றவர், பரணிலிருந்து பழைய கைத்தறிக் கட்டைகளை இறக்கினார். சாயங்காலத்துக்குள் ஸ்டியரிங்குக்கு மேலே திரையைத் தாங்குகிற ஸ்டாண்ட் ரெடி.

வளையல் அக்கா கையிலேயே இருக்கிறது. காபி கொண்டு வந்தவள் பையன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள்:

"ஏண்டா, இவ்ளோ கிட்ட உக்காந்தா கண்ணு கெட்டுடாது?"

அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து வெளியே பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறானா என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை.