ஆறு மாதத்தை யார் கடன் கொடுப்பார்?

(இரண்டாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

கொத்தனார் வீட்டுப் பெண் பிசியோதெரபி படிக்க வேண்டுமென்றால் வீடே சேர்ந்து உழைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதைப் படிப்பவள் என் அக்கா. பக்கவாதத்தில் விழுந்த அப்பத்தாவை, பயிற்சி கொடுத்தே கைத்தடியுடன் நடக்கவைத்தார் அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவர் ஒருவர். அதைக் கண்ட நாள்முதல் அக்காவுக்கு வேறு நினைப்பில்லை. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரியிலோ ஆண்டுக்கு எண்பதாயிரம் ரூபாய் கட்டணம்! அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. செலவு குறைந்த நம் கல்லூரிக்கு நான் வந்து சேர்ந்தேன்.

சென்ற ஆடி மாதம் அக்கா இரண்டு நாள் கல்லூரிக்குப் போகவில்லை. கேட்டால் தலைவலி என்றாள். மூன்றாம் நாள், அவள் புத்தகத்திற்குள் மடித்து வைத்திருந்த சுற்றறிக்கை ஒன்று என் கையில் அகப்பட்டது. மூன்றாம் ஆண்டில் மருத்துவமனைப் பயிற்சிக்குச் செல்பவர்கள் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டதற்குச் சான்று காட்ட வேண்டும் என்றிருந்தது. தேதியைப் பார்த்துத் துணுக்குற்றேன். அது வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது!

"ஏன்க்கா மறைச்சே?" என்றேன்.

"அன்னைக்குத்தான்டா அம்மா சங்கிலியைக் கழட்டிக் கொடுத்தாங்க. இன்னும் ஆயிரம் ரூபாய் வேணும்னு எந்த முகத்தோட கேப்பேன்?"

ஆயிரம் ரூபாய்! 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் என் கணக்குக்கு வந்த முதல் மாதத் தொகையும் அதுவே. அதில் நான் புதுக் காலணி வாங்கினேன். "நல்லா இருக்குடா தம்பி" என்று அக்கா சொன்னாள். அப்போது அந்தச் சுற்றறிக்கை அவள் பையில்தான் இருந்திருக்கிறது. அவளுக்கு வரும் புதுமைப்பெண் பணமோ தேர்வுக் கட்டணத்துக்கும் நகல் எடுக்கவுமே சரியாகிவிடும்.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னோம். "நடக்கப் பழக்குறவுகளுக்கு எதுக்குத் தாயி இந்த ஊசி? சின்னப் பிள்ளையில போட்டதெல்லாம் என்னாச்சு?" என்று கேட்டார்.

அக்கா பொறுமையாக விளக்கினாள். நடை பழக்குவது மட்டுமே அவர்கள் வேலையன்று. தீக்காயம் பட்டவரின் மூட்டை அசைத்துவிட வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவரின் நெஞ்சுச் சளியை வெளியேற்ற வேண்டும். இந்நோய் தொட்டால் ஒட்டுவதன்று. ரத்தத்தின் வழியே பரவுவது. உடலுக்கு வெளியே காய்ந்த ரத்தத்திலும் அந்தக் கிருமி ஏழு நாளாவது உயிரோடிருக்கும். நம் நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இது 2002-ல் சில இடங்களில் மட்டும் தொடங்கி, 2011-ல்தான் நாடு முழுவதற்கும் விரிந்தது. அக்கா பிறந்தது 2005-ல்.

மறுநாளே முதல் ஊசி போட்டாயிற்று. ஆனால் இரண்டாவது ஒரு மாதம் கழித்து. மூன்றாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம். கட்டணம் குறைந்தால் வட்டிக்காவது வாங்கலாம். ஆறு மாதத்தை யார் கடன் கொடுப்பார்? உடன் படிப்பவர்கள் வார்டுக்குப் போக, அக்கா நூலகத்தில் காத்திருந்தாள்.

தை மாதம் மூன்றாம் ஊசியும் போட்டாள். விட்டுப்போன பயிற்சியை இப்போது விடுமுறை நாட்களில் ஈடுசெய்து வருகிறாள். அப்பா அவளை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏன் தாயி, ஆயிரம் ரூபாய்க்கு நான் ஒரு நாள் கூடுதலாச் சாரம் ஏறியிருக்க மாட்டேனா?"

அக்கா அழுதாள். நான் என் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பர்களே! நம்மில் பலரும் பெற்றோரின் கஷ்டம் அறிந்தவர்கள். அதனாலேயே சில தேவைகளை வாய்விட்டுக் கேட்பதில்லை. அது பாசந்தான். ஆனால் ஒரு நாள் கூலியில் முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு என் அக்கா ஆறு மாதத்தை விலையாகக் கொடுத்தாள். உங்கள் பையிலும் மடித்து வைத்த தாள் ஏதேனும் இருந்தால், இன்று மாலையே அதை வீட்டில் பிரித்துக் காட்டுங்கள்.