கால் விரல் எட்டாத பிள்ளை



வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால், என்றைக்காவது ஒரு நாள் "குனிந்து கால் விரலைத் தொடு பார்ப்போம்" என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். தொட்டால் சபாஷ் போடுவோம், தொடாவிட்டால் சிரிப்போம். நானும் அப்படிச் சிரித்தவள்தான். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டில் எங்கே கொண்டு போய் விட்டது என்பதை, பிழை என்னுடையது என்றாலும், மறைக்காமல் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் யாழ்ப்பாணம் சோனகதெருவைச் சேர்ந்தவர்கள். சிறு வயதில் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு டிரில் வகுப்பு இருந்தது. வரிசையாக நிற்க வைத்துக் குனியச் சொல்வார்கள். விரல் நிலத்தைத் தொடாத பிள்ளையின் முதுகில் கை வைத்து ஓர் அமுக்கு! "வளையாத உடம்பு சோம்பேறி உடம்பு" என்ற எண்ணம் அன்றைக்கே என் மனத்தில் பதிந்துவிட்டது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில், ஊரையே விட்டு வெளியேறினோம். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. புத்தளத்து முகாமில் தண்ணீர் சுமந்து, விறகு சுமந்து, அங்கேயே திருமணமும் முடித்து, போர் முடிந்த பிறகு பிள்ளைகளோடு ஊர் திரும்பினேன். வீடு, வாசல், பாத்திரம் பண்டம் எல்லாம் விட்டுப் போனேன். அந்த அமுக்கை மட்டும் விட்டுப் போகவில்லை போலும்!

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. வாப்பா வழி உயரம். எங்கள் குடும்பத்தில் அவளுக்கு "உலக்கை" என்று பட்டப்பெயர். விருந்து வீட்டில் சஹனைச் சுற்றி எல்லோரும் கால் மடித்து உட்காரும்போது அவள் மட்டும் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பாள். என் தங்கச்சியின் மகள் அதே வயது, சின்ன உருவம். நின்றபடி குனிந்தால் உள்ளங்கை நிலத்தில் படும். "அவளைப் பார், உன்னைப் பார்" என்று நான் சொல்லாத நாளில்லை.

ஒரு நாள் மாலை முற்றத்தில் பனையோலைப் பாய் விரித்து, பிள்ளைகள் இருவரும் காலை நீட்டி உட்கார்ந்து விளையாட்டாகக் கால் விரலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மகளின் கை எட்டவில்லை. நான் பின்னால் போய், "இப்படிக் குனி" என்று இரண்டு கையாலும் அவள் முதுகை அமுக்கினேன். "உம்மா!" என்று ஒரு சத்தம். இடது தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பாயிலேயே சாய்ந்துவிட்டாள்.

எண்ணெய் பூசினோம், ஒத்தடம் கொடுத்தோம். நடமாட்டம் வந்தது. ஆனால் தொழுகையில் குனிய முடியவில்லை என்று கதிரையில் இருந்து தொழத் தொடங்கினாள். முடியாதவருக்கு மார்க்கம் தந்த சலுகை அது, அதில் குறையில்லை. குறை என்னிடம்தான். வைத்தியரிடம் காட்ட நான் கூட்டிப் போகவில்லை. "பத்தொன்பது வயதுக் குமருக்குக் கால் வருத்தமாம்" என்று ஊர் பேசிவிட்டால், வரும் சம்பந்தம் நின்றுவிடுமே என்ற பயம். விருந்தாளிகள் வந்தால் அந்தக் கதிரையை உள் அறைக்குள் தள்ளிவிடுவேன். இப்படி மூன்று மாதம் போயிற்று.

அப்போதுதான் என் தம்பி மகள் விடுமுறைக்கு வந்தாள். அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படிக்கிறாள். கதிரையைப் பார்த்தாள், காரணம் கேட்டாள். நான் மழுப்பினேன்; என் மகள் உண்மையைச் சொன்னாள்.

"மாமி, நான் இன்னும் மாணவிதான். முதலில் டொக்டரிட்ட காட்டுங்கோ. அதற்குப் பிறகு அளந்து பார்ப்பம்" என்றாள். அடுத்த நாளே வைத்தியசாலைக்குப் போனோம். நரம்பில் கோளாறு இல்லை, தசையில் பட்ட அடிதான், பயந்து பயந்து காலை மடித்தே வைத்திருந்ததில் இறுகிப் போயிருக்கிறது என்றார் வைத்தியர். மெதுவாக நீட்டும் பயிற்சி செய்யலாம் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி மகள் தன் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்தாள். கோணமானியாம். கணக்குப் பாடத்துப் பாகைமானிக்கு நீளமாக இரண்டு கை முளைத்தது போல இருந்தது. அன்றைக்கு அவள் சொல்லித் தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

தொடையின் பின்பக்கத்தில் மூன்று தசைகள் இருக்கின்றன. நாம் உட்காரும்போது பாயில் அழுந்துமே, அந்த இடுப்பு எலும்பில் தொடங்கி, முழங்காலைத் தாண்டிக் கீழ்க்கால் எலும்பில் போய் ஒட்டுகின்றன. அதனால்தான் முழங்காலை மடிக்காமல் குனியும்போது பின்தொடை இழுக்கிறது. முழங்காலைக் கொஞ்சம் மடித்தால் இழுவை தளர்ந்துவிடும்.

இதை அளக்கப் பல வழிகள் உண்டு. காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தைப் பெட்டியில் முட்டுக் கொடுத்து, கை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பது ஒன்று. வெல்ஸ், டில்லன் என்ற இருவர் 1952இல் இதை எழுதி வெளியிட்டார்கள். இன்றும் பல நாட்டுப் பள்ளிக்கூடங்களில் நடக்கிறது. நாங்கள் ஒரு மரப் பெட்டியையும் என் தையல் நாடாவையும் வைத்து அளந்தோம். தங்கச்சி மகள் பாதத்தைத் தாண்டி 7 சென்ரிமீற்றர். என் மகள் பாதத்துக்கு இந்தப் பக்கமே 9 சென்ரிமீற்றர்.

"பார்த்தாயா?" என்றேன் நான்.

"அவசரப்படாதீங்கோ மாமி. இந்த அளவில் தசை மட்டும் இல்லை. முதுகு எவ்வளவு வளையுது, கை எவ்வளவு நீளம், கால் எவ்வளவு நீளம், எல்லாம் சேர்ந்து வாற கணக்கு இது. கால் நீண்டு கை குட்டையாக இருந்தால், தசை நல்லா இருந்தாலும் விரல் எட்டாது" என்றாள்.

பிறகு என் மகளை மல்லாந்து படுக்க வைத்தாள். ஒரு காலைப் பாயோடு சேர்த்து நான் பிடித்துக்கொள்ள, மற்றக் காலை மடங்காமல் மெதுவாக உயர்த்தினாள். இடுப்பு சேர்ந்து திரும்பினால் அளவு பொய்யாகக் கூடிவிடுமாம். அதனால்தான் மற்றக் காலைப் பிடிக்க வேண்டும். ஆரோக்கியமான இளம் வயதினருக்கு 80 பாகை அளவில் உயர்வது வழக்கம் என்றும், 70க்குக் குறைந்தால் இறுக்கம் என்று பலர் கொள்வார்கள் என்றும் சொன்னாள். வலது கால் 76. இடது கால் 62.

கடைசியாக, தொடையைச் செங்குத்தாக நிறுத்தி, முழங்காலை எவ்வளவு நிமிர்த்த முடிகிறது என்று பார்த்தாள். இதில் கை நீளத்துக்கும் முதுகுக்கும் வேலையே இல்லை. முழுதாக நிமிர வலது காலுக்கு 24 பாகை குறைந்தது. இடது காலுக்கு 38. ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்தே எழுதினாள்.

தாளை என் கையில் தந்தாள். சகோதரிகளே, அந்தத் தாளைப் படித்தபோது என் முகம் எனக்கே தெரிந்தது. அடிபடாத வலது காலின் அளவில் பெரிய குறை எதுவும் இல்லை! இத்தனை வருடமாக நான் சோம்பல் என்று சொன்னது, அல்லாஹ் அவளுக்குக் கொடுத்த கால் நீளம். இடது காலில் இருந்த இறுக்கமோ நான் கொடுத்தது.

பயிற்சி மிகவும் எளியது. வாசல் நிலைக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்து, ஒரு காலை வாசலுக்குள் நீட்டி, மற்றக் காலைச் சுவரில் சாய்த்து நிமிர்த்துவது. இழுவை தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது. 30 வினாடி அப்படியே இருக்க வேண்டும். குதிக்கவோ ஆட்டவோ கூடாது. அது ஏன் 30 வினாடி என்று கேட்டேன். பேண்டி, ஐரியன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் 15, 30, 60 வினாடி என்று பிரித்து, வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம் செய்யவைத்துப் பார்த்தார்களாம். 15ஐ விட 30 நல்ல பலன் தந்தது. 60 வினாடி நின்றவர்களுக்கு 30ஐ விடக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டு வேலைக்கு நடுவே நமக்கு இது எவ்வளவு பெரிய நற்செய்தி!

இன்னொன்றும் சொன்னாள். நீட்டிப் பழகும்போது தசை நீண்டுவிடுகிறது என்றுதான் முன்பு எண்ணினார்கள். ஆனால் சில வாரப் பயிற்சியில் வரும் மாற்றத்தில் பெரும் பங்கு, அந்த இழுவையைத் தாங்க உடம்பு பழகிக்கொள்வதுதான் என்று 2010இல் வெளிவந்த ஒரு மீளாய்வு வாதிட்டது. அதாவது, உடம்புக்குப் பயம் தெளிய வேண்டும். முதுகில் அமுக்கினால் பயம் தெளியுமா, கூடுமா? நீங்களே சொல்லுங்கள்.

சுபஹுக்குப் பிறகு தினமும் என் மகள் வாசலில் படுப்பாள்; நான் பக்கத்தில் இருந்து முப்பது வரை எண்ணுவேன். முதல் கிழமை அவள் என்னோடு பேசவில்லை. எண்ணிக்கை மட்டும்தான் எங்களுக்குள் நடந்த பேச்சு. நாலாம் கிழமை, ருகூஉவும் ஸஜ்தாவும் தடையின்றிச் செய்ய முடிகிறது என்று சொல்லி, அவளாகவே கதிரையை எடுத்து விறாந்தையில் போட்டாள். ஆறு கிழமை முடிந்து மீண்டும் அளந்தோம். அதே நேரம், அதே பாய், அளந்ததும் அதே ஆள். இல்லாவிட்டால் பழைய அளவோடு ஒப்பிட முடியாதாம். இடது காலின் குறை 38இலிருந்து 27 பாகைக்கு வந்திருந்தது.

பெட்டியை வைத்து விரலையும் அளந்தோம். இன்னும் 5 சென்ரிமீற்றர் எட்டவில்லை!

மகள் என்னைப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. "ருகூஉவில் கை முழங்காலை எட்டினால் போதும் மகள். கால் விரலை எட்டச் சொல்லி உன்னிடம் கேட்டது நான் மட்டும்தான். என்னை மன்னித்துக்கொள்" என்றேன். அவள்தான் சிரித்தாள்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளையின் உடம்பை அளக்க விரும்பினால், போன மாதத்து அவள் அளவோடு வைத்துப் பாருங்கள்; அடுத்த வீட்டுப் பிள்ளையின் அளவோடு வேண்டாம். காலை உயர்த்தும்போது மின்சாரம் பாய்வது போல முழங்காலுக்குக் கீழே வலி ஓடினாலோ, விறைப்போ மரத்துப் போதலோ இருந்தாலோ, பயிற்சியை நிறுத்தி உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். அது தசையின் வேலை அல்ல, நரம்பின் வேலையாக இருக்கலாம். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் பிசியோதெரபிக்குக் காசு வாங்குவதில்லை. ஊர் என்ன பேசும் என்று பயந்து குமர்ப் பிள்ளையின் வலியை உள் அறைக்குள் தள்ளி வைக்காதீர்கள்.

அந்தக் கதிரை இப்போது விறாந்தையில்தான் கிடக்கிறது. அஸருக்குப் பிறகு நான் அதில் உட்கார்ந்து பொத்தான் கட்டுவேன். எனக்கும் வயதாகிறது, முழங்கால் வலிக்கிறது. "உம்மா, நீங்களும் வந்து படுங்கோ, நான் எண்ணுறன்" என்று மகள் கூப்பிடுகிறாள். இன்ஷா அல்லாஹ், நாளை தொடங்க வேண்டும்.