இரண்டு சட்டங்கள்

தமிழில் 'சட்டம்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. சர்க்கார் இயற்றுவது ஒன்று. தச்சரும் கொல்லரும் செய்வது மற்றொன்று. படத்துக்குச் சட்டம் உண்டு. மாட்டு வண்டிக்கும் உண்டு. மோட்டார் வண்டிக்கும் உண்டு. மோட்டார்க்காரர்கள் அதைச் 'சேஸிஸ்' என்று சொல்கிறார்கள். சென்ற ஒரு வருஷ காலமாக இந்த இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் அகப்பட்டுக் கொண்டு நாம் பட்ட பாட்டைத்தான் நேயர்களிடம் சொல்லப் போகிறோம்.

நமது ஊர் நரிக்குடி. மானாமதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக விருதுநகர் செல்லும் ரயில் பாதையில் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல் விளையும். நிறையாவிட்டால் சீமைக் கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்க வேண்டியதுதான். இந்த ஊரில் ஒருவன் வீட்டுக் கொட்டகையில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டப் போகிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

சொன்னவன் நமது தமையனார் மகன். தமையனார் காலமான பிறகு நமது பொறுப்பில் வளர்ந்த பிள்ளை. இஞ்சினீரிங் படிப்பை முடித்து வந்தவன், உத்தியோகத்துக்கு மனுப் போடுவதற்கு முன் ஒரு நாள் நமது எதிரில் வந்து நின்று, "சித்தப்பா, நம் கொட்டகையை ஆறு மாதத்துக்கு எனக்குக் கொடுப்பீர்களா?" என்று கேட்டான். கொட்டகையோடு நிற்கவில்லை. போர் போடுவதற்காக நாம் சேர்த்து வைத்திருந்த ஒன்றரை லட்சம் ரூபாயும் வேண்டுமாம்!

அவன் சொன்ன வரலாறு சுவையாகத்தான் இருந்தது. 1948-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்ற இளைஞர், ஒரு பழைய 'ஆஸ்டின் செவன்' காரைப் பிரித்து, சிறு கொட்டகை ஒன்றில் வைத்துத் தம் முதல் காரைக் கட்டினார். 'லோட்டஸ்' கம்பெனிக்கு அதுவே வித்து. 1957-ல் அவர் வெளியிட்ட 'லோட்டஸ் செவன்' என்னும் இலேசான காரை உதிரிப் பாகங்களாகவே வாங்கி, வீட்டில் பூட்டிக் கொண்டவர்கள் அநேகர். பிறகு 1996-ல் ரான் சாம்பியன் என்பவர், அதே அமைப்பில் ஒரு காரை 250 பவுன் செலவில் கட்டும் வகையைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாய்களை அறுத்துப் பற்றவைத்தால் சட்டம் தயார். மற்றப் பாகங்களை ஏதேனும் ஒரு பழைய காரிலிருந்து எடுத்துக் கொள்ளலாம்.

"நம் நாட்டில் அதற்கு எந்தப் பழைய கார்?" என்று கேட்டோம்.

"ஆம்னி வேன், சித்தப்பா!" என்றான்.

நாம் சிரித்துவிட்டோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடைத்துக் கொண்டு போகும் பெட்டி வண்டியிலிருந்து பந்தயக் காரா? ஆனால் அவன் கூறிய காரணம் சரியானதே. மாருதி 800 காரில் முன் சக்கரங்கள் இழுக்கின்றன. ஆம்னியிலோ அதே 796 ஸி. ஸி. இஞ்சின் முன் ஆசனத்துக்கு அடியில் நீளவாக்கில் அமர்ந்து, பின் சக்கரங்களைத் தள்ளுகிறது. 'செவன்' போன்ற காருக்கு வேண்டியதும் அதுதான். 2019-ல் அதன் உற்பத்தி நின்றுவிட்டதால் பழைய வண்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. இஞ்சினின் சக்தி 35 குதிரைக்குச் சுமார். வண்டியின் எடையை 500 கிலோவுக்குள் அடக்கிவிட்டால் அதுவே போதும் என்பது அவன் கணக்கு.

இந்த இடத்தில் சர்க்கார் சட்டம் குறுக்கிட்டது. அண்ணியார் ஒரே கேள்விதான் கேட்டார்: "இது ரோட்டில் ஓடுமா?"

ஓடாது என்பதே உண்மை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழும், மறு வருஷம் வந்த விதிகளின் கீழும், புதிய மாதிரி வண்டி எதுவும் புனேயிலுள்ளது போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையங்களில் பரீட்சையில் தேறிய பிறகே பதிவாக முடியும். ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்யும் கம்பெனிகளை உத்தேசித்த ஏற்பாடு அது. பிரிட்டனில் தனி வண்டி ஒன்றையே சோதித்து அனுமதி தரும் முறை இருக்கிறது. நமது தேசத்தில் வீட்டில் ஒன்றே ஒன்று கட்டுபவனுக்கு அத்தகைய எளிய வழி இல்லை. கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் 1952-ல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் செல்லக் கூடிய காரைச் செய்து காட்டியும், சர்க்கார் லைசென்ஸ் மறுத்ததால் அது நின்று போயிற்று.

"அப்படியானால் ஓடாத வண்டி எதற்கப்பா?" என்றார் அண்ணியார்.

பையன் சற்று யோசித்துப் பதில் சொன்னான்: "அம்மா, அதே கோயமுத்தூரில் கரிவர்தன் என்று ஒருவர் இருந்தார். பந்தயக் கார்கள் அயல்நாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, மாருதி 800 இஞ்சினை வைத்து இங்கேயே கட்டினார். 1995-ல் விமான விபத்தில் இறந்து போனார். ஆனால் அந்த ஃபார்முலா மாருதிப் பந்தயத்தில் பழகிய நரேன் கார்த்திகேயன்தான் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். செட்டிபாளையத்தில் கரிவர்தன் பெயரால் பந்தயத் தடம் இருக்கிறது. வண்டி ஓட அந்த மாதிரி இடம் போதும். கட்டத் தெரிந்து கொள்வதுதான் எனக்கு வேண்டும்."

அண்ணியார் பேசாமல் உள்ளே போய்விட்டார். நாம் பணத்தைக் கொடுத்தோம். மனம் முழுவதும் ஒப்பிக் கொடுத்தோம் என்று சொல்வதற்கில்லை.

முதல் வேலை மட்டம் பார்ப்பது. கோணல் தரையில் கட்டினால் சட்டமும் கோணும். கொட்டகைத் தரையோ மேடும் பள்ளமும். பையன் இரண்டு இரும்பு உத்தரங்களை இரவல் வாங்கிக் கிடத்தினான். ஊர்க் கொத்தனார், தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயின் இரு முனைகளையும் பிடித்துப் பார்த்து, தகடு தகடாக அடை கொடுத்து மட்டம் செய்து தந்தார். தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில் தண்ணீரே வந்து நீதி சொல்லிற்று.

சட்டத்தின் தத்துவத்தையும் அப்போது தெரிந்து கொண்டோம். நாலு குச்சிகளை ஆணியடித்துச் சதுரம் செய்து ஒரு மூலையை அழுத்தினால் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை குறுக்கே ஒரு குச்சி அடித்துவிட்டால் அசையாது. சதுரம் இரண்டு முக்கோணங்களாகிவிடுகிறது. கூரைக்குக் கைமரம் ஏற்றுபவர்களுக்குப் பழகிப் போன விஷயந்தான். காரின் சட்டம் முழுவதும் இப்படி முக்கோணம் முக்கோணமாகப் பின்னிய கூடு. திருப்பத்தில் சக்கரங்கள் முறுக்கும்போது சட்டம் முறுக்கிக் கொள்ளாமல் இருந்தால்தான் வண்டி ஓட்டுபவன் சொன்னபடி கேட்கும்.

பற்றவைப்பதற்கு பஸ் நிற்குமிடத்தருகில் பட்டறை வைத்திருப்பவர் வந்தார். கேட்டும் கிரில்லும் செய்து பழகிய கை. ஒவ்வொரு மூலையாக முழுவதும் பற்றவைத்துக் கொண்டே போனார். நாலு நாளில் கூடு எழுந்தது. ஊரே வந்து பார்த்தது. நமக்கும் அன்று கொஞ்சம் கர்வந்தான்.

மறுநாள் காலையில் பையன் சட்டத்தின் ஒரு மூலையில் விரலை வைத்து அழுத்தினான். எதிர் மூலை மேலே எழும்பிற்று. கால் சமமில்லாத பெஞ்சியைப் போல் ஆடிற்று. அளந்து பார்த்தால் எட்டு மில்லிமீட்டர் முறுக்கு! உருகிய இரும்பு குளிரும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். ஒரே பக்கமாகப் பற்றவைத்துக் கொண்டு போனதால் சட்டம் முழுவதும் அந்தப் பக்கம் திருகிக் கொண்டது.

இனி நாம் சொல்லப் போவது நமக்குப் பெருமை தருவதல்ல. "எட்டு மில்லிமீட்டர் என்ன பிரமாதம்? சக்கரம் மாட்டும் கொக்கிகளை ஏற்றி இறக்கிப் பற்றவைத்துவிடு. யாருக்குத் தெரியப் போகிறது?" என்று யோசனை சொன்னவர்கள் நாமேதான். போன பணம் கண்ணை மறைத்தது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில், விடையை முதலில் எழுதிக் கொண்டு கணக்கைப் பின்னால் ஒட்ட வைத்த பிள்ளைகளைப் பெஞ்சியின் மேல் நிறுத்தியவர்கள் நாம்!

பையன் ஒன்றும் சொல்லவில்லை. பதில் சொன்னவர் பட்டறைக்காரர்: "வாத்தியாரையா, கேட்டு கோணினால் தரையில் உரசும், அவ்வளவுதான். இது கோணினால் பிரேக் போடும்போது ஒரு பக்கமாக இழுக்கும் என்று தம்பி சொல்கிறாரே! உள்ளே உட்காரப் போவது நம் வீட்டுப் பிள்ளையல்லவா? அறுத்துவிடுவோம். என் கூலியை மறந்துவிடுங்கள்."

அறுத்தார்கள். நாலு நாள் வேலை இரண்டே மணி நேரத்தில் துண்டு துண்டாகக் கிடந்தது. மறுமுறை ஒவ்வொரு குழாயையும் உத்தரத்தோடு இறுக்கிப் பிடித்து, எல்லா இடங்களிலும் முதலில் பொட்டு வைத்தாற்போல் ஒட்டினார்கள். பிறகு இங்கே ஒரு விரற்கடை, அதற்கு நேர் எதிரே ஒரு விரற்கடை என்று மாறி மாறி, ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைத்தார்கள். மூன்று வாரமாயிற்று. முடிந்த அன்று இரண்டு மூலைவிட்டங்களையும் பையன் நாடாவால் அளந்து, நாடாவை நம் கையில் கொடுத்து, "நீங்களும் பாருங்கள், சித்தப்பா" என்றான். பார்த்தோம். ஒரு மில்லிமீட்டருக்குக் கூட வித்தியாசமில்லை.

இப்போது அந்தச் சட்டத்தின் மேல் ஆம்னியின் இஞ்சின் அமர்ந்திருக்கிறது. தகடு போர்த்திய பிறகு நாம் கண்ட இந்த நேர்மை எவர் கண்ணிலும் படப் போவதில்லை. போர் இன்னும் போடவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றிருக்கிறோம். தனியொருவன் கட்டிய வண்டியையும் பரீட்சித்து, தேறினால் ரோட்டில் விடும் ஒரு விதியைச் சர்க்கார் என்றாவது இயற்றுமானால், பரீட்சைக்குப் பயப்படாத வண்டி ஒன்று நரிக்குடியில் காத்திருக்கிறது.

சென்ற வாரம் பட்டறைப் பக்கம் போயிருந்தோம். யாரோ ஒருவர் வீட்டுக்கு கேட்டு ஒன்று தயாராகிக் கொண்டிருந்தது. பட்டறைக்காரர் அதன் மூலைக்கு மூலை நாடாவைப் பிடித்து இரண்டு தடவை அளந்து கொண்டிருந்தார்.