கடைசியாக வந்தவரின் கூலி

மறைநூலை வாழ்க்கைக்கு வழிகாட்டியாக வாசிப்பது தமிழ்க் கிறித்தவ வீடுகளில் நெடுங்காலப் பழக்கம். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த வசன அட்டை கிடைக்கும். ஆண்டு முழுவதும் அது வீட்டுச் சுவரிலோ பணப்பையிலோ இருக்கும். கி.பி. 386இல் மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் அகுஸ்தீன் புத்தகத்தைத் திறந்தபோது கண்ணில் பட்ட வரிகள் அவர் வாழ்வையே திருப்பிவிட்டன. இத்தகைய வாசிப்பை நாங்கள் எளிதாக எண்ணவில்லை. ஆனால் எங்களுக்குக் கிட்டிய வழிகாட்டல் வேறு விதமானது. ஆறுதலான ஒற்றை வசனமாக அல்லாமல், எங்கள் சம்பளக் கணக்கோடு சண்டைக்கு நின்ற ஒரு கதையாக அது வந்தது.

நாங்கள் ஐவர். திருப்பூரில் பெரிய பனியன் கம்பெனிகளிடமிருந்து துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் சிறிய ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றைக் கூட்டாக நடத்துகிறோம். எங்களில் இருவர் தேவாலய மணியோசை கேட்டு வளர்ந்தவர்கள். மற்ற மூவர் இலக்கிய வாசிப்பின் வழியாக விவிலியத்துக்கு வந்தவர்கள். ஞாயிறு பிற்பகலில் மெஷின்கள் ஓய்ந்திருக்கும்போது கட்டிங் மேசையைச் சுற்றி அமர்ந்து ஏதேனும் ஒன்றை வாசிப்போம். மத்தேயு நற்செய்தியை வாசித்தபோது, புராட்டஸ்டண்டு சபைகளில் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பையும் 1995இல் வெளியான திருவிவிலியத்தையும் அருகருகே வைத்துக்கொண்டோம்.

இருபதாம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத்துக்காரரின் உவமை வருகிறது. விடியற்காலையில் ஒருவர் ஆள் பிடிக்கச் சந்தைவெளிக்குப் போகிறார். ஒரு நாள் கூலி பேசிச் சிலரை அனுப்புகிறார். மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணி வேளைகளிலும் போகிறார். பதினோராம் மணிக்கும் போகிறார். நம் கடிகாரத்தில் அது மாலை ஐந்து. அப்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், எவரும் தங்களை வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். மாலையில் கடைசியாக வந்தவரிலிருந்து தொடங்கிக் கூலி கொடுக்கச் சொல்கிறார். எல்லோருக்கும் ஒரே கூலி. வெயிலில் நாள் முழுதும் உழைத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

எங்களை முதலில் நிறுத்தியது ஒரு சொல். அந்தக் கூலியைப் பழைய மொழிபெயர்ப்பு ‘பணம்’ என்கிறது. திருவிவிலியம் ‘தெனாரியம்’ என்கிறது. தெனாரியம் உரோமானிய வெள்ளிக் காசு. அக்காலக் கூலியாளின் ஒரு நாள் வருவாய். ‘பணம்’ என்பதும் ஒரு காலத்தில் தென்னாட்டில் புழங்கிய நாணயத்தின் பெயரே. இன்று அச்சொல் பொதுப்பெயராகிவிட்டதால் அந்த அளவு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் தோட்டக்காரர் என்ன செய்தார் என்பது விளங்குகிறது. கடைசி ஆளுக்கு அவர் கொடுத்தது ஒரு குடும்பம் ஒரு நாள் உண்பதற்கான காசு. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது.

திருப்பூரில் இக்கதையை வெறும் ஆன்ம உருவகமாக வாசித்துவிட்டு எழுந்து போக முடியாது. இங்கே பொழுது ஷிப்டால் அளக்கப்படுகிறது. காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடிந்தால் ஒரு ஷிப்ட்; இரவு எட்டரை வரை நீண்டால் ஒன்றரை. தையல்காரர்களில் பலருக்குப் பீஸ் ரேட். அடித்த பீஸை எண்ணிச் சனிக்கிழமை மாலை சம்பளம். 1984இல் பஞ்சப்படி கேட்டுப் பனியன் தொழிலாளர்கள் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. ஆர்டர் குவியும் மாதங்களில் ‘ஆட்கள் தேவை’ அட்டைகள் மின்கம்பங்களில் தொங்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020இன் ஊரடங்கிலும், அதே கம்பங்களின் கீழே அழைப்பாரின்றி மனிதர்கள் நின்றதை நாங்கள் பார்த்திருக்கிறோம். உவமையின் பதினோராம் மணி ஆட்கள் சோம்பேறிகள் அல்லர் என்பதை எங்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் யூனிட்டில் மூத்த தையல்காரர் ஒருவர் இருக்கிறார். ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள் மூன்றிலும் கை தேர்ந்தவர். கண்ணில் புரை வளர, அவருடைய பீஸ் எண்ணிக்கை வாரா வாரம் இறங்கியது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பத்து மணிக்கு மேல் மட்டுமே வர முடிந்த பெண்ணொருவரும் இருந்தார். பீஸ் ரேட்டின் நியாயம் எளிது: தைத்ததற்குக் காசு. அதில் எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. ஆயினும் அவ்வதிகாரத்தை வாசித்த பின்பு, சனிக்கிழமைகளில் அவ்விருவரின் சம்பளச் சீட்டை எழுதும்போது எங்கள் கை தயங்கியது.

பல ஞாயிறுகள் விவாதித்தோம். இது விண்ணரசைப் பற்றிய உவமை, சம்பளச் சட்டமன்று என்றார் ஒருவர். மெய்தான். தன் பொருளைத் தன் விருப்பப்படி செய்யத் தனக்கு உரிமையில்லையா என்று தோட்டக்காரர் கேட்பதைப் பிடித்துக்கொண்டு, முதலாளி கொடுத்ததே கூலி என்று வாதிடவும் இடமுண்டே என்றார் இன்னொருவர். அதற்கு மறுமொழியை அதே நூலின் வேறு பக்கங்களில் கண்டோம். ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்கிறது உபாகமம். அறுவடை செய்தோரிடமிருந்து பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதாகச் செல்வரை எச்சரிக்கிறது யாக்கோபின் கடிதம். தோட்டக்காரரின் உரிமை அதிகமாகக் கொடுப்பதற்கான உரிமை, குறைப்பதற்கானதன்று. முதலில் வந்தவர்களுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் அவர் குறைக்கவில்லை.

இதிலிருந்தே எங்கள் முடிவு பிறந்தது. பீஸ் கணக்கு எவ்வளவு இறங்கினாலும், வேலைக்கு வந்த நாளுக்கு ஷிப்ட் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுப்பது. யாருடைய பீஸ் ரேட்டையும் தொடுவதில்லை. குறையும் தொகை எங்கள் ஐவரின் பங்கிலிருந்து போகும். சிறு யூனிட்டுக்கு அது சிறு தொகையன்று.

முதல் மறுப்பு அந்த மூத்தவரிடமிருந்தே வந்தது. “இனாமுன்னா வேண்டாமுங்க” என்றார். நாங்கள் உவமையைச் சொன்னோம். கடைசியாக வந்தவருக்குத் தோட்டக்காரர் பிச்சையிடவில்லை. வேலைக்கு அழைத்தார், கூலி கொடுத்தார். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அப்படீன்னா தனிக் கவர்ல வேண்டாமுங்க. சம்பளச் சீட்டுலயே எழுதிப் போடுங்க” என்றார். எங்கள் அத்தனை விவாதத்தையும்விட அவரே அக்கதையைச் சரியாக வாசித்தார் என்று தோன்றியது.

இரண்டாவது மறுப்பு தேனிப் பக்கத்திலிருந்து வந்த இளைஞருடையது. எங்களில் மிக வேகமாகத் தைப்பவர். “அண்ணே, நான் ராத்திரி எட்டரை வரைக்கும் உட்கார்ந்து தைக்கிறேன். கம்மியாத் தைச்சாலும் சம்பளம் குறையாதுன்னா, நான் எதுக்கண்ணே ஓடணும்?” அவருடைய வருவாய் குறையவில்லை என்று எடுத்துச் சொன்னோம். மனம் ஒப்பவில்லை, தீபாவளி போனஸ் வாங்கியபின் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவரை நாங்கள் குறை சொல்லவில்லை. உவமையும் முணுமுணுத்தவர்களைச் சமாதானப்படுத்தி முடிப்பதில்லை. முதலில் வந்தவர்களுக்கே முதலில் கொடுத்திருந்தால் அவர்கள் மகிழ்வோடு வீடு போயிருப்பார்கள். கதை அவர்களைக் கடைசிவரை நிறுத்திப் பார்க்க வைக்கிறது. அவர்களுடைய கேள்வியை மறைக்காமல் நம்மிடமும் விட்டுச் செல்கிறது.

இக்கதை தொழிலின் கணக்கோடு மோதுவது எங்களிடம் தொடங்கியதன்று. அதில் வரும் சில சொற்களையே தலைப்பாக்கி 1860இல் பொருளியல் கட்டுரைகள் எழுதினார் ஜான் ரஸ்கின். அந்நூலை 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் செல்லும் ரயிலில் படித்த காந்தி, வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார். 1908இல் ‘சர்வோதயம்’ என்ற பெயரில் குஜராத்தியில் அதைச் சுருக்கி எழுதினார். வழக்கறிஞரின் உழைப்புக்கும் நாவிதரின் உழைப்புக்கும் மதிப்பு ஒன்றே என்பது அவர் அதில் கண்ட பாடங்களில் ஒன்று. அதே காந்தியின் கதர் இயக்கத்துக்கு 1920களில் முக்கியமான நடுவங்களில் ஒன்றாக இருந்தது திருப்பூர். கலிலேயாவின் கதை லண்டன், டர்பன் வழியாக எங்கள் ஊருக்கு முன்பே ஒருமுறை வந்து போயிருக்கிறது.

எங்கள் ஏற்பாடு எத்தனை நாள் தாங்கும் என்பது ஆர்டரையும் நூல் விலையையும் பொறுத்தது. ஒவ்வொரு காலாண்டிலும் கணக்கைத் திறந்து மறுபடி பேசுகிறோம். மறைநூல் வழிகாட்டும் என்பதற்கு இதுவே எங்கள் அறிவுக்கு எட்டிய பொருள்: நாம் கேட்ட கேள்விக்கு அது விடை தருவதில்லை, நாம் கேட்காமலே விட்டிருக்கக்கூடிய கேள்வியைச் சனிக்கிழமைதோறும் சம்பள மேசையில் கொண்டுவந்து வைக்கிறது.